காட்டேஜ்காரம்மா கடலுக்குப் போனார்

“ஏனுங்க டீச்சர், இதுல என்னங்க எழுதியிருக்குது?”

ஒரு திங்கட்கிழமை காலை. செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டியபடி வாசலில் நின்றார் பழனியம்மாள். நான் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை.

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் எனக்கு இரண்டு தோட்டம் தள்ளி இருப்பவர் பழனியம்மாள். அவரும் கணவர் துரைசாமியும் மிளகுத் தோட்டத்துக்குள் ஒரு சின்ன காட்டேஜ் கட்டி, சனி ஞாயிறுகளில் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே தங்கிவிட்டுப் போன ஒரு குடும்பம் ஆப்பில் எழுதிய விமர்சனம்தான் போனில் இருந்தது. இங்கிலீஷில். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் நந்தினி, லீவுக்கு வந்த இடத்தில் அதைப் படித்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா” என்று போனை மூடியிருக்கிறாள்.

ஒண்ணுமில்லை என்று சொன்னால் எந்த அம்மா விடுவார்? நேராக என்னிடம் வந்துவிட்டார்.

கொல்லிமலைக்கு டீச்சராக வந்து, ரிட்டயர் ஆன பிறகும் கீழே இறங்காமல் இங்கேயே தங்கிவிட்ட எனக்கு இந்த மாதிரி மொழிபெயர்ப்பு வேலைகள் அவ்வப்போது வரும். உர மூட்டை, மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ்... ஆனால் இது கொஞ்சம் கஷ்டமான கேஸ்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ‘இடம் அழகு. காற்று அழகு. கோழிக் குழம்பு பிரமாதம். ஆனால் வீட்டுக்கார அம்மா ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நாங்கள் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இனி வர மாட்டோம்.’ மேலே ஒரே ஒரு ஸ்டார்.

பாதியை முழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். பழனியம்மாள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாகச் சொல்லிவிட்டேன்.

போனைத் திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார் அவர்.

“கொழம்பு நல்லா இருந்துச்சாமா?”

“பிரமாதம்னு போட்டிருக்காங்க.”

“ம்... சரிங்க. வாரேன்.”

போய்விட்டார். அன்று மத்தியானமே காட்டேஜுக்குப் பெரிய பூட்டு ஒன்று விழுந்தது. ‘இனிமே ஆருக்கும் ஊடு குடுக்கறதில்லை’ என்று நந்தினியிடம் சொல்லி, ஆப்பிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு ஸ்டாருக்கு இவ்வளவு கோபமா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் குடும்பம் வந்து தங்கிய வாரம் என்ன நடந்தது என்று தெரிந்தால் தோன்றாது.

பழனியம்மாளுக்கு ஒரே அண்ணன். பெரியசாமி. பெரிய பலசாலி. காட்டேஜ் கட்டும்போது லாரி வராத அந்தச் சரிவில் கல்லும் சிமென்ட்டும் தலைச்சுமையாக இறக்கியவர் அவர்தான். ‘சனத்துக்கு இந்தக் காத்தை விக்கலாம் கண்ணு, வெறும் மொளகை நம்பி எத்தனை நாளைக்கு’ என்று தங்கைக்கு யோசனை சொன்னவரும் அவர்தான். ஒரு நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. முன்பே புக் ஆகியிருந்த ஒரு குடும்பம் சேலத்திலிருந்து கார் ஏறிவிட்டது. ‘வேண்டாம்னு சொல்லிரலாம்’ என்றாள் நந்தினி. ‘கடைசி நேரத்துல வேண்டாம்னா பேரு கெட்டுப் போயிரும்’ என்றார் துரைசாமி. பழனியம்மாள் எழுந்து போய் அம்மியில் மசாலா அரைத்தார். கோழி வைத்தார். வெந்நீர் போட்டார். மெத்தை விரித்தார். எல்லாம் செய்தார். அந்த ஒன்றைத் தவிர.

வந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் நமக்குள் ஒரு கேள்வி... வாடகையில் கட்டில் சேர்த்தி, வெந்நீர் சேர்த்தி, சரி. வீட்டுக்காரம்மாவின் முகமும் சேர்த்தியா?

பூட்டு போட்ட செய்தி மலையிறங்க எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரமே கீழேயிருந்து ஒருவர் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். மலையில் நாலைந்து காட்டேஜ்களை லீசுக்கு எடுத்து நடத்துகிறவராம். ‘நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். மாசாமாசம் வாடகை வந்துரும். அம்மா வேணும்னா சமையலுக்கு வரட்டும், சம்பளம் போட்டுக் குடுத்திடறோம்’ என்றார்.

துரைசாமிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. தப்பில்லை. மனைவி படுகிற பாட்டைப் பார்க்கிறவர்தானே. மாதக் கடைசியில் பதில் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

அன்று சாயந்திரம் பழனியம்மாள் மறுபடி என் வீட்டுக்கு வந்தார். வந்து உட்கார்ந்தவர் லீஸ் பற்றிப் பேசவில்லை. வேறொன்று கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், இவங்கெல்லாம் இத்தனை வளைவு ஏறி, வாந்தி எடுத்து, எதுக்குங்க வாராங்க? சொந்த ஊட்டுல இல்லாத எதை இங்க வந்து தேடறாங்க? காசு குடுத்து அடுத்தவங்க ஊட்டுல படுத்தா அப்படி என்னங்க கெடைக்குது?”

நான் என்னென்னவோ சொன்னேன். மன அமைதி, மாற்றம், ரெஸ்ட்... பாடம் நடத்திப் பழக்கப்பட்ட வாய். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

“சொன்னா எனக்கு வெளங்கலீங்க. ஒருக்கா போய்ப் படுத்துப் பார்த்துட்டு வந்துரலாமா?”

எங்கே என்று கேட்டேன். “கடலுக்குங்க” என்றார் யோசிக்காமல்.

கடலைப் பார்க்காதவர் இல்லை. ஊர்க்காரர்களோடு திருச்செந்தூர் போயிருக்கிறார். ஆனால் எல்லோரும் குளித்தார்கள், இவர் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பைக்கும் காவல் இருந்தார். தன் முறை வருவதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். பெண்களின் சுற்றுலாவில் இப்படி ஒருவர் எப்போதும் உண்டு, கவனித்திருக்கிறீர்களா?

எனக்குப் பிறந்த ஊர் அந்தக் கடற்கரைப் பக்கம்தான், நானும் கூடக் கிளம்பினேன். நந்தினி அதே ஆப்பில் தேடி, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில், மணல்மேட்டை ஒட்டி ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். துரைசாமி, ‘இருக்கற வேலையை உட்டுப்போட்டு...’ என்று இரண்டு நாள் முனகினார். கடைசியில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டு, முதலில் பஸ் ஏறி ஜன்னலோரம் பிடித்தவர் அவர்தான்.

நாமக்கல், மதுரை என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். முன்பக்கம் சிட்அவுட், இரண்டு அறை, சுற்றிலும் பனை. சிட்அவுட்டில் உட்கார்ந்தால் நேர் எதிரே கடல். வீட்டுக்காரர் சேவியர் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வாய் ஓயாத மனிதர். “வாங்க வாங்க, மலையிலேர்ந்து வாரியளா? அங்கெல்லாம் குளிராமே? நான் ரஷ்யாவுலயே குளிரைப் பார்த்தவன், சொல்லுதேன் கேளுங்க...” என்று ஆரம்பித்தவர், பெட்டியை இறக்கி, டீ கொடுத்து, டீ ஆறி, இரண்டாவது டீ வரும்வரை நிறுத்தவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

பழனியம்மாள் என் காதருகே, “இவருக்கு எத்தனை ஸ்டாருங்க போட்டிருக்காங்க?” என்றார்.

“ஐஞ்சு.”

“போடுவாங்க, போடுவாங்க.”

விருந்தாளியாக இருப்பது லேசான காரியம் என்று நினைக்கிறோம். இல்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பழனியம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ராத்திரி சாப்பிட்ட தட்டுகள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. சேவியரின் மனைவி ஸ்டெல்லா ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கினார்.

“நீங்க பெருக்கினா நான் என்ன செய்யதாம்? எங்க பொழப்பைக் கெடுத்துராதீய அக்கா. உக்காருங்க.”

உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, கை எதையாவது தேடியது. சேலைத் தலைப்பைச் சுருட்டியது, பிரித்தது. “சும்மா உக்காரறது இவ்வளவு செரமமுங்களா?” என்று என்னைக் கேட்டார்.

துரைசாமிக்கு அந்தச் சிரமமே இல்லை. மனிதர் பிறவி விருந்தாளி. இன்னொரு தலையணை கேட்டார். அனல் பறக்கும் ஊரில் குளிக்க வெந்நீர் கேட்டார். பாறை மீன் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, “மீனைத் தவிர இங்க வேற என்னங்க ஸ்பெஷல்?” என்றார். கொல்லிமலையில் எந்த விருந்தாளியைப் பார்த்து நாலு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டாரோ, அச்சு அசலாக அதே விருந்தாளி. பழனியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு ஸ்டார்கூட இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. நான் சிட்அவுட்டில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். பழனியம்மாள் மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் அலைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. முதலில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. பிறகு பார்த்தால் அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார். வாய்விட்டு அழுகிறார். அலைச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

எழுந்தேன். பிறகு... உட்கார்ந்துவிட்டேன். போய் என்ன சொல்வது?

அதற்குள் சேவியர் டீத் தட்டோடு மணலில் இறங்கிவிட்டார். விருந்தாளி தனியாக உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. பின்னாலேயே வந்த ஸ்டெல்லா அவர் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. தட்டில் டீ கொட்டியது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே திரும்பிப் போனார்கள். ஸ்டெல்லா வலைக்காரர்களிடமும் போய் என்னவோ சொன்னார். வழக்கமாக அங்கேயே உட்கார்ந்து வலை பின்னுகிறவர்கள் அன்றைக்குச் சுருட்டிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் அழுதார் பழனியம்மாள். பிறகு எழுந்தார். சேலையோடு கடலுக்குள் இறங்கி, முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, அலையைத் தலைமேல் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

ஈரச் சேலையோடு வந்து சிட்அவுட் படியில் உட்கார்ந்தவர், தானாகவே பேசினார்.

“அண்ணன் போனதுலேர்ந்து நான் அழுகவே இல்லீங்க டீச்சர். எழவு ஊட்டுல அழுதனே, அது கூட்டத்தோட அழுததுங்க. எனக்குன்னு அழுகல. அண்ணி முன்னால அழுதா அவங்க ஒடைஞ்சு போயிருவாங்க. நந்தினி பயந்துக்கும். இவர்கிட்ட அழுதா, ‘டீ போட்டுத் தரட்டுமா’ம்பாரு. டீத்தூள் எந்த டப்பால இருக்குதுன்னு இன்னைய வரைக்கும் அவருக்குத் தெரியாதுங்க.”

மூக்கைச் சிந்திக்கொண்டார்.

“இங்க என்னை ஆருக்கும் தெரியாது. பழனியம்மா ஏன் அழுவறான்னு கேக்க ஆளில்லை. சோறாக்கணும்னு இல்லை. அப்படியே வந்துருச்சுங்க.”

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சொன்னார்.

“மழைக்கு முந்தி ஒரு புள்ளை தனியா வந்துச்சுங்க நம்ம ஊட்டுக்கு. சென்னைப் புள்ளை. அருவிக்குப் போவல, கோயிலுக்குப் போவல. பலா மரத்தடியில சேரைப் போட்டு உக்காந்தே இருந்துச்சு. வச்ச சோறு வச்சபடி. இதுக்கா இத்தனை தூரம் வந்துச்சுன்னு மனசுக்குள்ள வஞ்சேனுங்க நான். போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுமே சொல்லாம நின்னுச்சு. ஏன் நிக்குதுன்னு வெளங்கல அப்ப.” என் பக்கம் திரும்பினார். “அந்தப் புள்ளைக்கு நம்ம ஊடு ஒதவியிருக்குமுங்களா?”

“உதவியிருக்கும்” என்றேன்.

பின்னால் செருமல் சத்தம். துரைசாமி. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் ஒரு டம்ளர்.

“டீ” என்றார். “அந்தம்மாகிட்ட தூள் எங்க இருக்குதுன்னு கேட்டு, நானே போட்டேன்.”

பழனியம்மாள் வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மதுரை தாண்டியதும் சண்டை ஆரம்பித்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்ட சண்டை.

“லீசுக்கு விட வேண்டாம்” என்றார் பழனியம்மாள்.

“விடலேன்னா ஆரு பார்க்கறது? நீ ஒருத்தியே கெடந்து சாவறதா? அதுக்குத்தான புள்ள நான் சொல்றது.”

“லீசுக்கு விட்டா எங்க அண்ணன் கல்லு செமந்த ஊட்டுல நான் சம்பளக்காரிங்க. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் சொன்னாத்தான் உள்ள போவணும். முடியாதுங்க.”

“அப்பறம்? மறுக்கா ஆராவது மூஞ்சி சரியில்லைன்னு எழுதுவாங்க. நீ மறுக்கா பூட்டுவே.”

“பூட்ட மாட்டேன். மாசத்துக்கு ஒரு சனி ஞாயிறு ஊடு நமக்கு. ஆருக்கும் கெடையாது. அப்பறம்... பாத்ரூம் இனிமே உங்குளுது.”

“என்னது?”

“கழுவறது. மெத்தை விரிக்கறதும். நான் ஒருத்தின்னு நீங்கதான சொன்னீங்க? அதான் ரெண்டு பேர் ஆக்கறேன்.”

முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, “நியாயந்தானுங்களே” என்றார். துரைசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், மாட்டேன் என்று சொல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டமாதிரி.

வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னபடி மாதக் கடைசியில் வந்தார். துரைசாமியே எதிரே போய், “ஊடு எங்களுக்கே வேணுமுங்க. இருந்து காப்பி சாப்பிட்டுப் போங்க” என்றார். அவர் காப்பி சாப்பிடவில்லை.

அந்த விமர்சனத்துக்கும் ஒரு பதில் போனது. பழனியம்மாள் சொன்னதை நந்தினி இங்கிலீஷில் போட்டாள். ‘நீங்கள் வந்த வாரம் என் அண்ணன் இறந்துபோயிருந்தார். உங்களிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. குழம்பைப் பற்றி எழுதியதற்கு நன்றி.’ சேலத்துக்காரர்களிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. பழனியம்மாள் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் இல்லை.

இந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நாம் லீவு எடுத்துக்கொண்டு போய் இறங்குகிற இடமெல்லாம் யாரோ ஒருவருக்கு வேலை நாள். அவர்களுக்கும் அண்ணன் தம்பி உண்டு, தலைவலி உண்டு, நல்ல நாள் கெட்ட நாள் உண்டு. இது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனாலும் ரூம் சாவியை வாங்குகிற நேரத்தில் யாருக்கு ஞாபகம் வருகிறது, சொல்லுங்கள்?

காட்டேஜ் திறந்தாகிவிட்டது. துரைசாமி மெத்தை விரிப்பதை நேரில் பார்த்தேன். மூலைகள் கொஞ்சம் கோணல். பாத்ரூம் பளிச்சென்று இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் யாராவது ஆப்பில் எழுத மாட்டார்களா என்று அவர் ஏங்குவதாக நந்தினி சொல்கிறாள்.

போன சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அன்று காலையில்தான் அண்ணி, அண்ணன் வைத்த பலா மரத்தின் முதல் பழத்தை அறுத்துப் பாதியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை வாங்கியதிலிருந்து பழனியம்மாளுக்குக் கை ஓடவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டு, அந்த அக்காவிடம் போய்ச் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. எங்கண்ணன் தவறி ரொம்ப நாளாகல. இன்னைக்கு எனக்கு மனசு சரியில்லீங்க. சோறு போட்டுருவேன். பேச்சுத்தான் வராது.”

அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர், “நீங்க போய் உக்காருங்கக்கா” என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து அவருடைய காட்டேஜ் வாசலிலேயே, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார். தட்டுகளை அவர்களே கழுவினார்கள். சாயந்திரம் சமையலறைக்குள் புகுந்து டப்பா டப்பாவாகத் திறந்து தேடி, பழனியம்மாளுக்கு ஒரு காப்பியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

மறுநாள் இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, காப்பி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ரொம்ப மோசமுங்க” என்றார் பழனியம்மாள். “ரெண்டு டம்ளர் குடிச்சேன்.”